தோசையில் கறுப்புப் புள்ளி: குற்றம் கல்லில் இல்லை

மொட்டை மாடியில் வைத்திருக்கும் இரும்புத் தோசைக்கல்லில் நான்கு நாள் ஒரே தொல்லையாக இருந்தது. எந்தத் தோசையை எடுத்தாலும் கறுப்பும் செம்பழுப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள்.

கல்தான் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன்; எண்ணெய் தடவி மறுபடி பழக்கினேன். முதல் தோசையிலேயே புள்ளி. எண்ணெயையும் மாற்றிப் பார்த்தேன், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: புள்ளிகள் தோசை முழுக்க இல்லை, தோசைத்திருப்பி நுழையும் ஓரத்தில் மட்டும். முறுகலாக விட்டுக் கையாலேயே எடுத்த தோசை சுத்தமாக இருந்தது.

திருப்பியின் தகடு பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் மரப்பிடியோடு சேரும் ரிவிட்டுக்கு அடியில் நூலிழை இடைவெளி. குண்டூசியால் நெம்பினால் துருத்தூள் கொட்டியது. கழுவியதும் தகடு மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்துவது என் பழக்கம். தண்ணீர் வழிந்து அங்கேயே தேங்கியிருக்கிறது.

பழைய டூத்பிரஷ்ஷால் புளிக்கரைசலைப் போட்டுத் தேய்த்து, கழுவி, தகட்டை மட்டும் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, இடுக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். பிடியை ஊற வைக்கக் கூடாது, மரம் உப்பிவிடும். இப்போது தகடு கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டுகிறேன். பத்து நாளாகிறது, ஒரு புள்ளி இல்லை. அப்பாடா!