காமிக்ஸ் எந்த ஏஜ்? ஸ்டிக்கரை விடுங்கள், அட்டையைப் பாருங்கள்

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஸ்பைடர்மேன் காமிக்ஸ் கண்ணில் பட்டது. உறை மேல் மஞ்சள் ஸ்டிக்கர்: 'சில்வர் ஏஜ், 80 வெள்ளி'. அட்டையில் அச்சடித்திருந்த விலை 25 சென்ட், இதழோ வழக்கமான மெல்லிய இதழ். "அண்ணே, இது எப்படி சில்வர் ஆகும்?" என்று கேட்டேன். "பழசுதானே தம்பி, பழசெல்லாம் சில்வர்தான்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பிராஸ் பசாவில் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

முதலில் ஒன்று. அமெரிக்க காமிக்ஸின் காலகட்டங்களைக் குறிக்கும் கோல்டன், சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்) என்ற பெயர்களை எந்தப் பதிப்பகமும் அட்டையில் அச்சடித்து விற்கவில்லை. படித்தவர்களும் சேகரித்தவர்களும் விற்றவர்களும் பிற்பாடு வைத்த பெயர்கள் அவை. 1966 பிப்ரவரி தேதியிட்ட ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா 42ஆம் இதழின் வாசகர் கடிதத்தில் ஒருவர், கோல்டன் ஏஜ் நாயகர்களை இப்படியே திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தால் இன்னும் இருபது வருடத்தில் இந்தக் காலத்தைச் 'சில்வர் சிக்ஸ்டீஸ்' என்று சொல்வார்கள் என்று கிண்டலாக எழுதினார். கிண்டல் நிலைத்துவிட்டது. 1970இல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வர ஆரம்பித்தது, அதற்கப்புறம் இந்தப் பெயர்கள் விலையோடும் ஒட்டிக்கொண்டன. அதனால்தான் எல்லைகளில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஆனால் எல்லையில் நிற்கும் இதழ்கள் கொஞ்சம்தான், மிச்சத்தை நீங்களே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வரைபடம் இவ்வளவுதான். சூப்பர்மேன் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 (1938 ஜூன்) கோல்டன் ஏஜின் தொடக்கம், இதில் யாரும் தகராறு செய்வதில்லை. அதற்கு முன்னால் வந்ததை எல்லாம் பிளாட்டினம் என்று ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் அது கையில் சிக்கப்போவதில்லை, விடுங்கள். சில்வர் ஏஜ் தொடங்குவது ஷோகேஸ் 4 (1956 அக்டோபர்), ஃப்ளாஷ் என்ற பழைய நாயகன் புது உருவில் வந்த இதழ். 1970 வாக்கில் பிரான்ஸ், 1980-களின் நடுவில் காப்பர், 1992 வாக்கில் மாடர்ன்.

சரி, இதழைக் கையில் எடுங்கள். முதலில் விலை.

10 சென்ட் என்றால் 1961 கடைசிக்குள். அதாவது கோல்டனாகவும் இருக்கலாம், சில்வரின் முதல் பாதியாகவும் இருக்கலாம். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 1 (1961 நவம்பர்) 10 சென்ட், ஸ்பைடர்மேன் முதலில் வந்த அமேசிங் ஃபேன்டஸி 15 (1962 ஆகஸ்ட்) 12 சென்ட். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும், விலை எங்கே மாறியது என்பது மறக்காது. 12 சென்ட் 1969 வரை ஓடியது, ஆகவே 12 என்று பார்த்தால் சில்வர் என்று தைரியமாகச் சொல்லலாம். 15 சென்ட் வேலிமேல் உட்கார்ந்திருக்கிறது, 1969இலிருந்து 1971 வரை, அதற்கு மட்டும் தேதியையும் பார்க்க வேண்டும். அப்புறம் 20, 25, 30, 35, 40, 50, 60 என்று ஏறிக்கொண்டே போனது எல்லாம் பிரான்ஸ் வருடங்கள். மார்வெல் பதிப்பகத்தில் 25 சென்ட் என்பது பெரும்பாலும் 1974 முதல் 1976 வரை, ஆகவே சந்தை அண்ணனின் ஸ்பைடர்மேன் சுத்தமான பிரான்ஸ். ஒரே எச்சரிக்கை: 1960-களிலும் 25 சென்ட் இதழ்கள் உண்டு, ஆனால் அவை ஆண்டு மலர், 80 பக்க மலர் மாதிரி தடிமனானவை. மெல்லிசாக இருந்து 25 என்றால் சில்வர் கிடையாது.

இங்கே சிங்கப்பூரில் பென்ஸ் விலை போட்ட பிரதியைக் காட்டினால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவிலேயே அதே அச்சகத்தில் பிரிட்டிஷ் சந்தைக்காக விலையை மட்டும் மாற்றி அடித்தவை அவை, மறுபதிப்பு இல்லை. பென்ஸுக்கு 'டி' என்ற எழுத்து போட்டிருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தியது, 'பி' என்றால் பிந்தியது, ஏனென்றால் அந்த மாதம்தான் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது.

அடுத்தது முத்திரை. அட்டையில் மேல் வலப்பக்கம் தபால்தலை போலச் சின்னதாக ஒரு வெள்ளை முத்திரை இருக்கும், காமிக்ஸ் கோட் அத்தாரிட்டி. 1954இல் டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு புத்தகம் போட்டார், அமெரிக்க செனட் விசாரணை வைத்தது, பதிப்பகங்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை உருவாக்கிக்கொண்டன. ஆகவே முத்திரை இருந்தால் கோல்டன் ஏஜின் உச்சக் காலத்து இதழ் இல்லை. முத்திரை இல்லாத 10 சென்ட் சூப்பர்ஹீரோ இதழ் என்றால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், அதிர்ஷ்டம் அடித்திருக்கலாம். ஆனால் முத்திரை இல்லாததாலேயே பழசு என்று முடிவு கட்டாதீர்கள். டெல் நிறுவனம் கோடில் சேரவே இல்லை. மார்வெல் 2001இல் விலகியது, டிசி 2011இல் கைவிட்டது. 1971இல் போதைப்பொருள் கதை என்பதால் அமேசிங் ஸ்பைடர்மேன் 96, 97, 98 மூன்றும் முத்திரை இல்லாமலே வந்தன, அதே வருடம்தான் கோட் விதிகளும் தளர்ந்தன.

மூன்றாவது, முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உள்பக்கத்திலோ இருக்கும் பொடி எழுத்து. மாதம், வருடம், இதழ் எண் எல்லாம் அங்கேதான். அந்த மாதம் கடைக்கு வந்த மாதம் இல்லை, இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஜூன் என்று போட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 கடைக்கு வந்தது ஏப்ரலில்.

பொடி எழுத்தும் ஏமாற்றும். அப்பா தாத்தா காலத்துப் பெட்டியில் கிடைக்கிற கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டடை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் தொடங்கிய வரிசை, இலக்கியக் கதைகளைப் படமாகப் போட்டவர்கள். ஒரே தலைப்பை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள், உள்ளே பழைய காப்புரிமை வருடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். 1940-கள் என்று உள்ளே இருக்கும், காகிதம் 1960-களில் அச்சானதாக இருக்கும். பின்னட்டையைத் திருப்புங்கள். அங்கே பழைய இதழ்களை வரவழைக்க எண் போட்டு ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அந்தத் தலைப்பு வந்த சமயத்தில் அச்சான பிரதிதான் உங்கள் கையில் இருப்பது. இதழின் எண் 10 என்றும் பட்டியல் 160ஐத் தாண்டியும் போனால் அது மறுபதிப்பு, முதல் பதிப்பு விலை கொடுக்காதீர்கள்.

ஏமாற்று வேலைக்கே பேர்போன ஒன்று ஆக்‌ஷன் காமிக்ஸ் 1இன் 1974 மறுபதிப்பு. டிசியே பெரிய அளவில் வெளியிட்டது, மேலே ஒரு வெளியட்டை, உள்ளே அசல் அட்டை விளம்பரம் எல்லாம் அச்சு அசலாக. வெளியட்டையைக் கிழித்துவிட்டு 'அசல்' என்று விற்றவர்கள் உண்டு. கண்டுபிடிக்க அளவுகோல் போதும்: அசல் ஏறக்குறைய ஏழே முக்கால் அங்குல அகலம், மறுபதிப்பு பத்து அங்குலம். கோல்டன் ஏஜ் இதழ்கள் அகலமானவை, சில்வர் கொஞ்சம் ஒடுங்கும், இன்றைய இதழ் இன்னும் ஒடுக்கம். உறைகளைக்கூட கோல்டன், சில்வர், கரண்ட் என்று தனித்தனி அளவில்தான் விற்கிறார்கள். சில்வர் உறை ஒன்றைப் பையில் வைத்திருங்கள், அளந்து பார்க்கத் தனியாக எதுவும் தேவைப்படாது. தடிமனும் சொல்லும், 1938இல் 64 பக்கம் இருந்தது 1950-களில் 32க்கு வந்துவிட்டது.

எல்லைச் சண்டைக்கு வருவோம். கோல்டன் எப்போது முடிந்தது? போர் முடிந்ததும் சூப்பர்ஹீரோக்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள், 1951இல் ஆல் ஸ்டார் காமிக்ஸ் 57ஆம் இதழோடு ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் அணியே நின்றது. அதிலிருந்து 1956 வரை பெரும்பாலும் பேய்க் கதை, குற்றக் கதை, காதல் கதை மாதிரிதான். சிலர் இதை ஆட்டம் (அணு) ஏஜ் என்று தனியாகப் பிரிக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. ஈசி நிறுவனத்தின் பேய் இதழைக் கேப்டன் அமெரிக்காவோடு ஒரே பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

சில்வர் எப்போது முடிந்தது என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். ஓவியர் ஜாக் கிர்பி மார்வெலை விட்டு டிசிக்குப் போன 1970 என்பார் ஒருவர். அதே வருடம் ஏப்ரலில் வறுமை, நிறவெறி என்று பேச ஆரம்பித்த கிரீன் லேன்டர்ன் 76 என்பார் இன்னொருவர். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி செத்துப்போன அமேசிங் ஸ்பைடர்மேன் 121 (1973 ஜூன்) என்று கண் கலங்குகிறவர்களும் உண்டு. மனசுக்கு மூன்றாவது சரி, ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் 1970ஐ வைத்துக்கொள்ளுங்கள், சந்தை அப்படித்தான் பேசுகிறது.

பிரான்ஸ் ஏஜ் மார்வெல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1974 வாக்கில் மார்வெல் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொல்லி ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சடித்தது. பிள்ளைகள் சொன்னபடி வெட்டினார்கள். எம்ஆர்டி ரயில் நிலைய கேட் பக்கத்தில் நின்று 60 வெள்ளிக்கு ஓர் இதழ் வாங்கினேன், அட்டை பளபளவென்று இருந்தது, உறையைப் பிரிக்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்தேன். கடிதப் பக்கத்தில் கத்தரியால் வெட்டிய செவ்வக ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்து விளம்பரம் தெரிந்தது. வால்வரின் முதன்முதலாக முழுதாக வரும் இன்கிரெடிபிள் ஹல்க் 181 (1974 நவம்பர்) இதழிலும் இந்த ஸ்டாம்ப் உண்டு, அது இல்லாவிட்டால் விலை படுத்துவிடும். வெட்கப்படாதீர்கள், பிரித்து, கடிதப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் காசு கொடுங்கள்.

காப்பர் என்று தனியாக வேண்டுமா என்பதில் எனக்கே சந்தேகம். 1984இல் டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்ட்டில்ஸ், 1986இல் வாட்ச்மென் என்று சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மாடர்ன் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று: கறுப்புப் பைக்குள் வந்த சூப்பர்மேன் 75 (1993 ஜனவரி) உங்களிடம் இருந்தால், எல்லாரிடமும் இருக்கிறது. லட்சக்கணக்கில் அடித்தார்கள், வாங்கியவர்கள் எல்லாரும் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். பழசாகிவிட்டது, அரிதாகவில்லை.

அப்புறம், தமிழ் காமிக்ஸுக்கு இந்தப் பெயர்களை ஒட்டாதீர்கள். சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, அந்தக் கதையோ பிரிட்டனில் 1962இல் வேலியன்ட் வார இதழில் வந்தது. கதையைப் பார்த்தால் சில்வர், காகிதத்தைப் பார்த்தால் பிரான்ஸ், இரண்டும் சிவகாசிக்குப் பொருந்தாது. முத்து, 1984இல் வந்த லயன், ராணி என்று பெயரையும் இதழ் எண்ணையும் சொன்னாலே விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். ஈசூனில் இருக்கும் என் மாமா இன்னும் சுலபமாகப் பிரித்து வைத்திருக்கிறார். அவருடைய ஸ்டோர் ரூமில் மூன்று மைலோ அட்டைப்பெட்டிகள், மேலே மார்க்கர் பேனாவில் எழுத்து: 'ஊரில் வாங்கியது', 'தேக்காவில் வாங்கியது', 'காராங் குனிக்காரரிடம் காப்பாற்றியது' (வீடு வீடாகப் பழைய சாமான் எடுக்க வருகிறவர்தான் காராங் குனி). மூன்றாவது பெட்டியைத் திறக்க இன்னும் எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.