சான்றிதழோடு மட்டும் திரும்பாதீர்கள்: கோடை இன்டர்ன்ஷிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு எங்கள் அலுவலகத்துக்கு ஐந்தாறு மாணவர்கள் வந்து சேர்வார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் நடுத்தரமான மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் தற்காலிக அடையாள அட்டை, கையில் கல்லூரி கொடுத்த போனஃபைட். முதல் நாள் மதியச் சாப்பாட்டின்போதே யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்டுவிடுவார்: “சார், சர்ட்டிஃபிகேட்ல எத்தனை வாரம்னு போடுவீங்க?”

கேட்பதில் தப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் 2 வாரத்துக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3 என்று கணக்கு இருக்கிறது. துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் காகிதத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போய் உட்காருகிற ஆள். அங்கே அந்தக் காகிதத்தை நான் வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை. “இன்டர்ன்ஷிப்ல என்ன பண்ணீங்க?” என்பேன். “வெப் டெவலப்மென்ட் சார்.” “சரி, அதுல நீங்க தொட்டது எது?” இந்த இரண்டாவது கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். ஆறு வாரம் தினமும் பஸ்ஸில் போய் வந்தும் சொல்வதற்கு ஒரு விஷயம்கூட இல்லாமல் போவது எப்படி என்று ஏழெட்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது.

காசு கட்டிப் போகும் இடம்

முதல் தவறு அலுவலகத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங், பத்து நாள் ‘ஏஐ இன்டர்ன்ஷிப்’ என்று வாட்ஸப்பில் போஸ்டர் வரும். பணம் கட்டினால் வகுப்பு, கடைசி நாளில் சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. வகுப்புக்குப் போவது தப்பில்லை, அதை வகுப்பு என்று தெரிந்து போனால் சரி. இன்டர்ன்ஷிப்புக்கு நான் வைக்கும் சோதனை எளிது. சேர்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: “நான் செய்வதை யார் பயன்படுத்துவார்கள்? நான் எழுதும் நிரலை (அதாவது ‘கோடு’) யார் படித்துத் திருத்துவார்கள்?” பதில் வழவழவென்று வந்தால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் கோடை விடுமுறைக்கானது என்று நினைத்துப் பலர் கேட்கிறார்கள். அது 12 மாதத் திட்டமாக, 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்றும் விதியில் இருந்தது. மூன்றாம் வருட மாணவர் அதை நம்பிக் காத்திருந்தால் மே மாதம் போய்விடும்.

பெரிய கம்பெனியா சின்னக் கம்பெனியா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

‘போய்ட்டிருக்கு சார்’

எங்களிடம் தினமும் காலை பத்து மணிக்கு எல்லாரும் நின்றுகொண்டே பேசும் கூட்டம் உண்டு. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே முட்டி நிற்கிறேன் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். ஒரு வருடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பையன் மூன்று நாள் தொடர்ந்து “போய்ட்டிருக்கு சார்” என்றான். நாலாம் நாள் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தால், எங்கள் மென்பொருள் அவன் லேப்டாப்பில் ஓடவே இல்லை. டேட்டாபேஸின் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும் செட்டிங் கோப்பு ஒன்று வேண்டும். அதை அவனுக்கு அனுப்ப நான்தான் மறந்திருந்தேன். தப்பு என்னுடையது. அவனோ தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று நினைத்து, ராத்திரி ரூமில் உட்கார்ந்து யூடியூபில் அடிப்படைப் பாடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நம் வகுப்பறையில் கேள்வி கேட்பவன் ஒன்று அதிகப்பிரசங்கி, இல்லையென்றால் பாடத்தைக் கவனிக்காதவன். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடமும் மூன்று வருடக் கல்லூரியும் சேர்ந்து பழக்கிய மௌனம் அது. ஆறு வாரத்தில் உடைவது கஷ்டம்தான். ஆனால் அலுவலகத்தில் மௌனத்துக்கு வேறு அர்த்தம்: வேலை நடக்கிறது என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காக, ஒரு தடை வந்ததும் எழுந்து வந்து கேட்பதும் சரியாக வராது. அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்கள். அப்புறம் கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், திரையில் என்ன வந்தது, இந்த மூன்றும் இருக்கட்டும். எரர் செய்தியை முழுதாக, எழுத்தாக அனுப்புங்கள். மொபைலில் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து, பாதி எரரோடு, ட்யூப்லைட் வெளிச்சமும் சேர்ந்து வாட்ஸப்பில் வருகிறதே, அதைப் பார்த்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. நம்பினால் நம்புங்கள், இந்த மூன்றையும் எழுதி முடிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். எல்லாரையும் ‘சார்’ என்று கூப்பிட வேண்டாம். எங்கள் இடத்தில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். முதல் வாரம் நாக்கு வராது, ‘அண்ணா’, ‘அக்கா’வில் ஆரம்பித்து மெல்லப் பெயருக்கு வந்துவிடலாம். நான் பார்த்தவரை, பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு “எனக்கு இது புரியல” என்ற வாக்கியமும் வருகிறது.

அவுட்புட் வந்தால் முடிந்தது என்று நினைப்பது

கல்லூரி லேபில் அவுட்புட் வந்தால் வேலை முடிந்தது. ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது. இன்டர்ன்ஷிப்பின் உண்மையான லாபம் அந்த இடத்துக்குப் பிறகுதான் இருக்கிறது. இதை எனக்கே புரியவைத்தது ஒரு பால் கணக்கு.

வீடு வீடாகப் பால் போடும் வாடிக்கையாளர் ஒருவருக்கு நாங்கள் செயலி செய்து கொடுத்திருந்தோம். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு உதைத்தது. அந்தக் கோடையில் வந்திருந்த பெண்ணிடம் இதைக் கொடுத்தேன். இரண்டு நாள் தடவிக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் சர்வர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே அதிகாலை 5.30க்கு முன்னால் போட்ட பால் எல்லாம் முந்தின நாள் தேதியில் விழுகிறது. பால் போடுவதே அந்த நேரத்தில்தான்! மாதத்தின் நடுவில் ஒரு நாளின் பால் இன்னொரு நாளுக்குப் போனாலும் மாத மொத்தம் மாறாது, கண்ணில் படாது. ஒன்றாம் தேதியின் பால் போன மாதத்துக்குப் போய்விடும்போதுதான் இடிக்கும்.

ஒரே வரியை மாற்றிவிட்டு “முடிஞ்சுது” என்றாள். எழுதியதை மற்றவர்கள் படித்துக் குறிப்புச் சொல்லும் ரிவ்யூவில் அந்த ஒரு வரிக்குப் பதினொரு குறிப்பு வந்தது. முகம் வாடிவிட்டது. பரீட்சைத் தாளில் சிவப்பு மை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் குறிப்புகளில் பாதி கேள்விகள். இதே தவறு வேறு எந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது? நாளைக்கு யாராவது மறுபடி உடைத்தால் தெரிய ஒரு டெஸ்ட் எழுதினாயா? இரண்டு வருடப் பழைய பதிவுகளை என்ன செய்வது?

கடைசிக் கேள்விக்காக வாடிக்கையாளரின் கணக்காளரைக் கூப்பிட்டோம். அவர் அலட்டிக்கொள்ளாமல், “அது தெரிஞ்சதுதானே, மாசாமாசம் நானே கையால கழிச்சுப் போட்டுடறேன்” என்றார். பழைய பதிவுகளை நாங்கள் திருத்தியிருந்தால், அவர் கழித்து வைத்திருந்த இரண்டு வருடப் புத்தகமும் தப்பாகியிருக்கும். ஆகவே ஜூன் 1 முதல் புதுக் கணக்கு, பழையதைத் தொடுவதில்லை என்று முடிவானது. கோடு எழுதத் தெரிவதற்கும் மென்பொருள் வேலை தெரிவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்த ஒரு போன்காலில் இருந்தது. கல்லூரியில் இதற்குப் பேப்பர் கிடையாது.

ரிவ்யூ குறிப்புகளை வாங்கிக்கொண்டு “ஓகே” என்று மட்டும் பதில் போட்டு மாற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. ஏன் என்று கேளுங்கள். சில சமயம் குறிப்பு சொன்னவரே தப்பாகச் சொல்லியிருப்பார்.

உடைத்துவிட்டு ஒளிப்பது

உடையும். எல்லாருக்கும் உடையும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பதறி நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அப்புறம் பார்த்தால், நம்பியிருந்த பேக்கப்புகளும் சரியாக ஓடவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளம் தன் சந்தாதாரர்கள் பலருக்கு வெறும் சோதனை மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிவிட்டது. “ஆமாம், இன்டர்ன்தான் செய்தார். அவருக்குத் துணையாக இருக்கிறோம்” என்ற பொருளில் நிறுவனமே ட்விட்டரில் எழுதியது. உடனே ஊர்பட்ட பேர் ‘அன்புள்ள இன்டர்னுக்கு’ என்று ஆரம்பித்துத் தாங்கள் வேலையில் செய்த சொதப்பல்களை எழுதித் தள்ளினார்கள்.

எல்லா இடமும் இப்படிப் பெருந்தன்மையாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடைந்த ஐந்தாவது நிமிடத்தில் சொன்னால் பத்து நிமிடத்தில் சரியாகும் விஷயம், மறுநாள் தெரிந்தால் ஒரு வாரத்தைத் தின்னும். நீங்களே சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்ற எண்ணம்தான் ஆபத்து. பதற்றத்தில் கொடுக்கும் இரண்டாவது கட்டளைதான் பெரும்பாலும் முதலாவதைவிட மோசமாக இருக்கும்.

வெளியே எடுத்துப் போகக் கூடாதவை

ரெஸ்யூமேயில் காட்டலாம் என்று அலுவலக நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் தன் கணக்கில் போட்டுவைக்கும் மாணவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அந்தக் கோடு உங்களுடையது இல்லை. முதல் நாள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அது எழுதியிருக்கும். அதைவிட, கோடோடு சேர்ந்து கடவுச்சொல்லும் போய்விடும். பொது கிட்ஹப்பில் இப்படி விழும் கடவுச்சொல் போன்ற சாவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. அப்புறம் அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது இருக்கும். சாவியையே மாற்றினால்தான் தீரும்.

இணைய ஊடுருவலுக்கு ஆளான அமெரிக்க மென்பொருள் நிறுவனமான சோலார்விண்ட்ஸின் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால், ‘சோலார்விண்ட்ஸ்123’ என்ற கடவுச்சொல் பொதுவெளியில் கிடந்தது பற்றிக் கேட்டபோது, அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி அது ஒரு இன்டர்ன் செய்த தவறு என்றார். இன்டர்ன் வைத்த கடவுச்சொல் வருடக்கணக்கில் அப்படியே இருந்தது யார் தவறு என்று நான் கேட்பேன், அது வேறு. கை நீட்டும்போது விரல் கடைசி நாற்காலியை நோக்கித்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிலும் இதே கவனம் வேண்டும். 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் உள் நிரலை அதில் ஒட்டியது தெரிந்து, அந்த நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. உங்கள் அலுவலகம் எந்தக் கருவியை அனுமதிக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும், அது எழுதித் தந்த வரியை உங்களால் விளக்க முடியவில்லை என்றால் அனுப்பாதீர்கள். “இந்த லைன் எதுக்கு?” என்று நான் கேட்கும்போது “அதுவா வந்துச்சு” என்ற பதில் வந்தால், அந்த வாரம் உங்களுக்கு வீண்.

அப்புறம் செல்ஃபி. அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டு படம் போடுங்கள், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கடைசி வாரம்

கடைசி நாள் மாலையில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததும் மெயில் நின்றுவிடும். அதுவரை எதையும் எழுதி வைக்காதவர்கள் அன்று ராத்திரிதான் கல்லூரி ரிப்போர்ட்டுக்கு உட்காருகிறார்கள். நினைவில் ஒன்றும் இருக்காது. கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் வரலாற்றை நாலு பக்கத்துக்கு ஒட்டி முடிப்பார்கள். தினமும் கிளம்பும் முன் இரண்டு வரி எழுதி வையுங்கள், போதும். கடைசி வாரம் அதிலிருந்து ஒரு பக்கம் தேற்றி, கோடு எதுவும் இல்லாமல், உங்களைப் பார்த்துக்கொண்டவரிடம் காட்டி, “இதை இன்டர்வியூவில் சொல்லலாமா?” என்று கேளுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர் குறித்துக் கொடுப்பார்.

இன்னொரு பக்கம் உங்களுக்குப் பின்னால் வருபவருக்காக எழுதுங்கள். பால் கணக்கைப் பார்த்த பெண் அப்படி ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வருடம் வந்த இன்டர்ன் இரண்டாவது நாளே அதைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். “இதுல ஜூன் 1க்கு முன்னாடி உள்ளதைத் தொடாதேன்னு போட்டிருக்கே. ஏண்ணா?”