நாயோடு முதல் தடவை கடற்கரைக்கு: பந்துதான் வில்லன்

எங்கள் சுண்டுவைக் கடற்கரைக்கு முதன்முதலாகக் கூட்டிப்போன அன்று ராத்திரி முழுக்க நான் வாளியும் துடைப்பமுமாகத்தான் இருந்தேன். இரண்டு தடவை வாந்தி. அப்புறம் விடியும்வரை தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தான். கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டான் என்று நினைத்து அவன் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. அதை நாலாவது படியில் சொல்கிறேன். அவசரம் என்றால் நேராக அங்கே போங்கள்.

தடுப்பூசி போட்டாயிற்று, கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கிறது, அந்தக் கடற்கரையில் நாய்க்கு அனுமதி உண்டு, கூப்பிட்டால் ஓரளவாவது திரும்பிப் பார்ப்பான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. நேரம் பாருங்கள், கூடவே வற்றமும் பாருங்கள்

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மணலில் இருக்க வேண்டும். சாயங்காலம் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த மணல் நீங்கள் நினைக்கிற வேகத்தில் ஆறாது. புறங்கையை மணலில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்கள் கை தாங்கவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.

வெயிலை விடப் புழுக்கம் மோசம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது வாயின் ஈரம் ஆவியாவதில்தான் அதன் சூடு தணிகிறது. காற்றே ஈரமாக இருந்தால் எதுவும் ஆவியாகாது. மேகமூட்டமான நாளில் ‘இன்றைக்கு வெயில் இல்லை’ என்று நம்பிப் போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கடல் வற்றியிருக்கும் நேரம் கிடைத்தால் யோகம். கெட்டியான ஈரமணல் அகலமாகக் கிடக்கும், கால் சுடாது, புதையாது. இந்த வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு என்றால் நாளை 6.50 வாக்கில். ஒரு வாரம் கழித்து அதே நேரத்துக்குப் போய் நின்றால் கரையே இருக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வீண் பயணம் ஆனது.

2. பை

குடிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டர், அகலமான கிண்ணம், பழைய துண்டு இரண்டு, முள் பிடுங்கும் இடுக்கி, மலம் அள்ள உறை. இவ்வளவுதான்.

கயிறு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பட்டனை அமுக்கினால் நீண்டு சுருங்கும் அந்தச் சுருள்கயிறு கடற்கரைக்கு ஆகவே ஆகாது. உள்ளே மணல் போனால் அதோடு கதை முடிந்தது. நாய் வெடுக்கென்று ஓடும்போது மெல்லிய கயிறு கையை அறுக்கும். ஐந்து மீட்டரில் சாதாரணத் தட்டைக்கயிறு, மார்போடு மாட்டும் ஹார்னஸ், பித்தளைக் கொக்கி. முலாம் பூசிய இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும்.

3. முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள்

அலைக்கு இருபதடி தள்ளி உட்காருங்கள். அவன் பார்க்கட்டும், மோக்கட்டும், அலை வந்தால் பின்வாங்கட்டும். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பயந்த நாய் அந்த இடத்தை மறக்காது. சுண்டு முன்னங்காலை நனைக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அலை பெரிதாக இருக்கும் நாளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்துக்கு நீங்களும் போக வேண்டாம்.

4. பந்து

மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “கடல்தண்ணி குடிச்சானா?” இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், ஒரு தடவைகூட நக்கவில்லையே.

வீட்டுக்கு வந்து என் மனைவி போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். நான் பந்தை அலைக்குள் எறிகிறேன், அவன் நீந்திப் போய்க் கவ்வுகிறான், திரும்பி வருகிறான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பந்து வாயில் இருக்கும்போது தாடை மூடாது. கடைவாய் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. ஒவ்வொரு சிற்றலைக்கும் தண்ணீர் உள்ளே போகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. கரைக்கு வருவதற்குள் ஐந்தாறு மடக்கு. அன்று முப்பது தடவையாவது எறிந்திருப்பேன். கடலைக் குடிக்க வைத்தது நான்தான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பு குடலுக்குள் போனதும் உடம்பிலிருக்கும் நீரை அங்கே இழுத்துக்கொள்கிறது. தண்ணீராகப் போவது அதனால்தான். இரண்டு மடக்கில் ஒன்றும் ஆகாது. அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு ஏறி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வரை போகும்.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். பந்து வீட்டிலேயே இருக்கும். தண்ணீர் விளையாட்டுக்குத் தட்டையாக மிதக்கும் பொம்மை மட்டும். அதைக் கவ்வினால் வாய் பெருமளவு மூடிக்கொள்ளும். பத்து எறிதலுக்கு மேல் கிடையாது. கடற்கரைக்கு வந்ததுமே கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைப்பேன், பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அவன் கேட்காவிட்டாலும். தாகம் எடுத்த நாய் முன்னால் இருக்கிற தண்ணீரைத்தான் குடிக்கும், அது கடல் என்று அதற்கு என்ன தெரியும்.

மணலில் மட்டும் விளையாடினாலும் பந்து வேண்டாம் என்பதே என் கட்சி. எச்சில் பட்ட பந்தில் மணல் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு கவ்வலுக்கும் கொஞ்சம் உள்ளே போகும். அது நிறையச் சேர்ந்தால் குடலை அடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் வாந்தி எடுத்தால்: ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் கொடுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்கவில்லை, அல்லது நடை தடுமாறுகிறது, உடல் நடுங்குகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரை, வாந்தி மாத்திரை எதையும் கைவைத்தியமாகக் கொடுக்கக் கூடாது.

5. மணலில் கிடப்பவை

செத்த மீன் நாய்க்கு வாசனைத் திரவியம் மாதிரி. புரள்வதோடு நின்றால் குளிப்பாட்டிக்கொள்ளலாம். ஆனால் உப்பிப் பந்தாகும் பேத்தை மீன் செத்துக் கிடந்தாலும் நஞ்சுதான், அதற்கு மாற்றுமருந்து கிடையாது. கரை ஒதுங்கிய ஜெல்லி மீனும் உயிரில்லாமலே கொட்டும். கொட்டிவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் இழைகள் இன்னும் நஞ்சைக் கக்கும். கடல்நீராலேயே கழுவி, இடுக்கியால் எடுங்கள். தூண்டில் முள் குத்தியிருந்தால் இழுக்க வேண்டாம், முள்ளில் கட்டியிருக்கும் தூண்டில் இழையை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

‘விடு’ என்றால் விடப் பழக்கியிருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

6. திரும்பி வந்ததும்

நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுங்கள். சோப்பு தினமும் வேண்டாம். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்து மணலை எடுங்கள். காதை மடித்து உள்ளே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தொங்கு காது உள்ள நாய்க்கு இதை விட்டால் ஒரு வாரத்தில் தலையை உதறிக்கொண்டே இருக்கும், காதுக்குள் நாற்றம் வரும்.

பிற்சேர்க்கை 1: மூக்கு சப்பையான பக் நாய் வைத்திருப்பவர் ஒருவர், காலை ஏழரைக்கே தன் நாய் சுருண்டு விழுந்ததாக எழுதியிருந்தார். பக், புல்டாக் போன்றவற்றுக்கு மூச்சுவழி குறுகல், இரைத்துச் சூடு தணிக்க அவற்றால் முடியாது. நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, கால் பின்னினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். குளிர்விக்கத் தொடங்கிவிட்டு அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நானும் இங்கே முதலில் துண்டு போர்த்தச் சொல்லித்தான் எழுதியிருந்தேன், திருத்திவிட்டேன்.

பிற்சேர்க்கை 2: ‘சாப்பாடு வாங்கும்வரை காரில் விடலாமா, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு?’ விடவே கூடாது. வெளியே 29 டிகிரி இருந்தால் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40, அரை மணியில் 48. கண்ணாடியை விரற்கடை இறக்குவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

பிற்சேர்க்கை 3: ஆமை முட்டையிடும் கரை என்றால் அந்தப் பருவத்தில் நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே வேண்டாம். முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். தோண்டுவதில் கெட்டிக்கார நாய்க்கு ஐந்து நிமிடம் போதும். சுண்டு ஒரு தடவை அப்படித் தோண்ட ஆரம்பித்தான். நல்லவேளை, உள்ளே இருந்தது யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. அதை மட்டும் வீடுவரை விடாமல் கவ்விக்கொண்டு வந்தான்.