தமிழ் எழுத்தில பெயர் போட்டு பிரெண்ட்ஷிப் பாண்ட் பின்னுறது எப்பிடி

ஓகஸ்ட் முதல் ஞாயிறு கிட்டத்தான் எல்லாருக்கும் பிரெண்ட்ஷிப் பாண்ட் ஞாபகம் வரும் (ஐ.நா. 2011ல அறிவிச்சது ஜூலை 30ஐ, ஆனா எங்கட பக்கம் அந்த ஞாயிறுதான்), நல்லூர்த் திருவிழாவும் அனேகமா அங்கால இங்கால வாறதால வீதிக் கடையளில கொழுவிக் கிடக்கிறதில ஒண்டை வாங்கிக் கட்டிப்போட்டு விட்டிடுவினம். அதில பெயர் இருந்தாலும் இங்கிலீஸ் எழுத்துத்தான். கையால பின்னினால் தமிழிலயே பெயர் போடலாம், முடிச்சு எண்டு பாத்தால் ஒரே ஒரு முடிச்சுத்தான், பின்னுறது உண்மையில லேசு. கஸ்டம் எங்க எண்டால் ஊசி நூலைத் தொட முதல் கொப்பியில எழுத்தைக் கட்டம் கட்டமா கீறுறதிலதான், அதால அதைப்பற்றித்தான் இதில கூடக் கதைக்கப்போறன்.

முதல் சாமான். தையல் சாமான் கடையில அங்கர் நூல் எண்டு கேளுங்கோ, எம்ப்ராய்டரிக்குப் பாவிக்கிற பருத்தி நூல், ஒரு கட்டு 8 மீற்றர் வரும், 6 இழை சேர்ந்து கிடக்கும். அந்த 6 இழையையும் பிரிக்காமல் அப்பிடியே பாவிக்கிறது. யாழ்ப்பாணம் ரவுணுக்க கஸ்தூரியார் வீதிப் பக்கம், பெரியகடைப் பக்கம் ஒருக்கா நடந்தால் எடுக்கலாம். ரெண்டு கட்டுப் போதும், ஒண்டு எழுத்துக்கு, ஒண்டு பின்னணிக்கு. கலர் எடுக்கேக்க ஒண்டு கடும் கலரா, மற்றது நல்ல வெளிர் கலரா இருக்கோணும், சிவப்பும் மண்ணிறமும் எண்டு எடுத்தால் கடையில வச்சுப் பாக்க வடிவாத்தான் இருக்கும் ஆனா பின்னி முடிய ஒருத்தராலயும் பெயர் வாசிக்கேலாது. கறுப்பில வெள்ளை, கடும் நீலத்தில மஞ்சள், இதுகள் பிழைக்காது. மலிவு நூல் எண்டால் ஒரு துண்டை நனைச்சு வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்கோ, எங்கட வெயிலுக்கு வேர்த்து ஊத்திற கையில சாயம் விட்டால் வெள்ளை எழுத்தெல்லாம் ரோஸ் கலராப் போயிடும். இதோட ஒரு கத்தரிக்கோல், ஒரு ஊசி, ஒரு சேப்டி பின், பழைய குஷன் இல்லாட்டி கிளிப் இருக்கிற எழுதுற அட்டை, சின்னாக்களின்ர சதுர ரூள் கொப்பியில ஒரு தாள். அவ்வளவுதான்.

இப்ப கொப்பி வேலை. பாண்ட் கைக்குச் சுத்தி வர நீளமா இருக்கும், பெயர் அந்த நீளத்துக்கு ஓடும், அப்ப பாண்டின்ர அகலம்தான் எழுத்தின்ர உயரம். நாங்கள் 10 நூலில பின்னப்போறம் எண்டால் தாளில 10 கட்டம் உயரம், அதில கீழ 2 கட்டம் வெறுமை, நடுவில 5 கட்டம் எழுத்து, மேல 3 கட்டம் வெறுமை. மேல ஒரு கட்டம் கூட விடுறது சும்மா இல்லை, புள்ளிக்கும் விசிறிக்கும் (ி, ீ) இடம் வேணும், இங்கிலீஸ் எழுத்துக்குச் செய்து வச்ச டிசைனுகளைப் பாத்துப் பின்னுற ஆக்கள் தமிழுக்கு மாறேக்க முட்டுப்படுறது இதிலதான்.

ஆகச் சுகமான எழுத்து ட, பிறகு ப. ட எண்டால் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும், ப எண்டால் அதுக்கு வலப்பக்கம் இன்னொரு நிமிர்ந்த கோடு. ரெண்டுமே வளைவில்லாததால 5 கட்டத்துக்க அச்சாவா வரும். ம, ய ரெண்டும் வரும் ஆனா அகலம் கூட எடுக்கும், இறுக்கி அடைஞ்சால் என்ன எழுத்தெண்டு தெரியாது. ர எழுதேக்க கவனம், கீழ இருக்கிற வாலை விட்டால் அது அரவு (ா) ஆயிடும், "ரமா" எண்டு போட நினைச்சு வேற ஏதோ ஆகிப்போயிடும். க, த ரெண்டும் கட்டத்தில கீறினா இரட்டைப் பிள்ளையள், வாலைத்தான் வித்தியாசமாக் காட்டோணும். து, பு மாதிரிக் கீழ இறங்கிற எழுத்துக்கு அந்தக் கீழ் 2 கட்டத்தில ஒண்டைக் கடன் எடுங்கோ. ஜ, ஷ, ண, ஞ, இதுகள் 5 கட்டத்துக்க அடங்கவே அடங்காது, குறைஞ்சது 7 வேணும், எங்கட பிள்ளையளின்ர பெயரில பாதிக்கு ஜவோ ஷவோ ஒண்டு இருந்தே தீரும் எண்டபடியால் நீங்கள் அனேகமா 12 நூலுக்குத்தான் போகவேண்டி வரும். அப்பிடி எண்டால் முழுப்பெயரை விட்டிட்டு வீட்டுப் பெயரைப் போடலாமோ எண்டு யோசியுங்கோ, வீட்டுப் பெயர் எண்டால் கட்டையாவும் இருக்கும், கட்டிற ஆளுக்கும் அதுதான் விருப்பம்.

கீறி முடிய தாளைக் கையை நீட்டித் தூரப் பிடிச்சுப் பாருங்கோ, இல்லாட்டி போனில போட்டோ எடுத்துச் சின்னதாக்கிப் பாருங்கோ. வீட்டில ஆரிட்டயும் காட்டி என்ன எழுத்து எண்டு கேக்கலாம், ஆனா முதலே பெயரைச் சொல்லிப்போட்டுக் கேக்காதேங்கோ.

இனி நூல். எழுத்துக் கலர் கட்டை 1.5 மீற்றர் நீளத்தில 5 துண்டா வெட்டுங்கோ, 8 மீற்றரில கொஞ்சம் மிஞ்சும். அஞ்சையும் சேர்த்துச் சரிபாதியா மடிச்சு, மடிப்புப் பக்கம் விரல் நுனி போற அளவு ஓட்டை விட்டு ஒரு முடிச்சுப் போட்டால் கீழ 10 நூல் தொங்கும். இதுகள் நிக்கிற நூல். (12 நூல் எண்டால் 1.3 மீற்றரில 6 துண்டு.) பின்னணிக் கலரை வெட்டவே வேண்டாம், முழுக்கட்டையும் ஒரு மட்டைத் துண்டில சுத்தி வச்சு, நுனியை அந்த முடிச்சோட சேர்த்துக் கட்டி ஆக இடப்பக்கம் விடுங்கோ. இது ஓடுற நூல், இதுதான் கனக்கச் செலவாகும், ஒவ்வொரு வரிசையிலயும் இது பத்து நூலையும் கடந்து போகோணும். ஓட்டைக்குள்ள சேப்டி பின்னைக் குத்திக் குஷனில மாட்டுங்கோ.

முடிச்சு இதுதான். ஓடுற நூலைப் பக்கத்தில நிக்கிற நூலுக்கு மேலால போட்டால் 4 இலக்கம் மாதிரி வரும், பிறகு அதைக் கீழால கொண்டுபோய் அந்த 4க்குள்ள இருக்கிற இடைவெளியால வெளிய எடுத்து, நிக்கிற நூலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மேல்நோக்கி இழுக்கிறது. அதே நூலில இன்னொருக்கா அதையே செய்தால்தான் ஒரு முடிச்சு முழுசு. ஒருக்கா மட்டும் போட்டால் பாண்ட் முறுகும், கலரும் ஒழுங்காத் தெரியாது. இப்ப ஓடுற நூல் ஒரு இடம் வலப்பக்கம் தள்ளி நிக்கும், அடுத்த நூலுக்குப் போங்கோ. வலப்பக்க விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தால், திரும்பி வலமிருந்து இடம் வரேக்க எல்லாத்தையும் மறுவளமாச் செய்யுறது.

சூட்சுமம் எதிலை எண்டால், எந்த நூல் சுத்துதோ அதின்ர கலர்தான் தெரியும், இறுக்கிப் பிடிச்ச நூல் உள்ளுக்க மறைஞ்சிடும். பின்னணி வேணும் எண்டால் ஓடுற நூல் சுத்தும். எழுத்து வேணும் எண்டால் வேலையை மாத்துறது, ஓடுற நூலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற நூலால அதைச் சுத்தி ரெண்டு தரம் முடிச்சுப் போடுறது. எந்த முடிச்செண்டாலும் முடிய ஓடுற நூல் ஒரு இடம் முன்னுக்குப் போயிருக்கோணும், போகேல்லை எண்டால் எங்கயோ மாறிச் சுத்தியிருக்கிறியள், உடன அவிழுங்கோ.

தாளைப் பாத்துப் பின்னேக்க ஒரு விசயம் கட்டாயம் கவனிக்கோணும். பாண்ட் மேல இருந்து கீழ வளருது, பெயரை வாசிக்கேக்க அதைப் படுக்கப் போட்டு வாசிக்கிறம். அப்ப உங்கட இடக்கைப் பக்கம் எழுத்தின்ர கால், வலக்கைப் பக்கம் எழுத்தின்ர தலை. இதை மாறி விளங்கிக்கொண்டால் பெயர் கண்ணாடியில பாத்தமாதிரி வந்திடும். ப மட்டும் பின்னிப் பாத்தால் இந்தப் பிழை பிடிபடாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுத்து, அதால முதல் டயைப் பின்னிப் பாருங்கோ. தாளில ஒவ்வொரு நிரலுக்கும் (பின்னேக்க அது ஒரு வரிசை) கீழ அம்புக்குறி போட்டு வச்சால் தலை சுத்தாது: 1ஆம் நிரல் கீழ இருந்து மேல, 2ஆம் நிரல் மேல இருந்து கீழ, அப்பிடியே மாறி மாறி.

ப எப்பிடி வரும் எண்டு சொல்லுறன், இடப்பக்கம் இருந்து துவங்கிறம் எண்டு வையுங்கோ. முதல் வரிசை 2 பின்னணி, 5 எழுத்து, 3 பின்னணி. திரும்பி வலப்பக்கத்தால வரேக்க 7 பின்னணி, 1 எழுத்து, 2 பின்னணி. மூண்டாவது 2 பின்னணி, 1 எழுத்து, 7 பின்னணி. நாலாவது ரெண்டாவது மாதிரியே. அஞ்சாவது முதலாவது மாதிரியே. ட எண்டால் அந்த அஞ்சாவதை விட்டிட்டு நாலோட நிப்பாட்டுங்கோ. ப்-க்குப் புள்ளி வைக்கிறது மூண்டாவது வரிசையில: 2 பின்னணி, 1 எழுத்து, 5 பின்னணி, 1 எழுத்து, 1 பின்னணி. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில 2 வரிசை வெறும் பின்னணி. ஒவ்வொரு வரிசையும் முடிய அந்த நிரலைப் பென்சிலால வெட்டி விடுங்கோ, நடுவில ஆரும் கதை குடுத்தால் எங்க நிண்டனியள் எண்டு தெரியாமப் போயிடும்.

பெயர் நடுவில வரோணும் எண்டால் கொஞ்சம் கணக்குப் பாக்கோணும். முதல் 10 வரிசை வெறும் பின்னணியாப் பின்னி ரூளரால அளவுங்கோ, ஆளாளுக்குக் கை இறுக்கம் வேற எண்டபடியால் என்ர அளவு உங்களுக்குச் சரிவராது. இப்ப அது 2 சென்ரிமீற்றர் வந்தது எண்டு வைப்பம், பாண்ட் 13 சென்ரிமீற்றர் வேணும் எண்டால் 65 வரிசை. 4 எழுத்துப் பெயர், எழுத்துக்கு 5 வரிசை, இடைவெளி மூண்டுக்கும் 6, எல்லாமா 26. மிச்சம் 39ஐ ரெண்டாப் பிரிச்சு முன்னுக்கு 19, பின்னுக்கு 20. பெயர் எந்தப் பக்கத்தால துவங்குது எண்டு பாத்துத்தான் அம்புக்குறியைப் போடுங்கோ, 19 வரிசை முடியேக்க ஓடுற நூல் வலப்பக்கம் நிக்கும், அப்ப முதல் நிரல் மேல இருந்து கீழ.

விளிம்பில திரும்பேக்க பலத்தை எல்லாம் காட்டி இழுக்காதேங்கோ, பாண்ட் இடுப்புச் சிறுத்துப் போகும். ஓடுற நூல் முடியுது எண்டால் ஒரு விரல் நீளம் மிச்சம் இருக்கேக்கயே அதைப் பின்பக்கம் விட்டிட்டுப் புது நூலால தொடருங்கோ, கடைசியில ஊசியால ரெண்டு வாலையும் பின்பக்க முடிச்சுக்குள்ள கோத்து வெட்டிவிடலாம். பிழைச்ச முடிச்சை நகத்தால தோண்டாமல் ஊசி முனையால தளத்துங்கோ, நூல் பஞ்சாகாது.

முடிவில எல்லா நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு, பிறகு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு சடை பின்னி நுனியில முடிச்சு. ஒரு சடையைத் துவக்கத்து ஓட்டைக்குள்ளால எடுத்து மற்றதோட கட்டினால் கையில நிக்கும், குளிக்கக் கழட்டவும் சுகம். பாண்ட் வளைஞ்சு நிண்டால் ஈரத்துணி போட்டு மேலால அயன் பண்ணுங்கோ.

தோய்க்கிறதெண்டால் கொஞ்சம் ஷாம்பு காணும், எங்கட கிணத்துத் தண்ணிக்குச் சவர்க்காரம் நுரைக்காமல் திப்பி மாதிரிப் படிஞ்சு நூலை விறைக்கப் பண்ணிப்போடும். கடலில குளிச்சால் நல்ல தண்ணியில அலசிப்போட்டு நிழலில காயவிடுங்கோ. வெளிநாட்டில இருக்கிற மச்சாளுக்கோ மச்சானுக்கோ அனுப்பிறதெண்டால், கடுதாசித் துண்டொண்டைக் கையில சுத்திக் குறிச்சு ரூளரோட வச்சுப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ, அந்த அளவில ஒரு ரெண்டு சென்ரிமீற்றர் குறைச்சுப் பின்னினால் மிச்சத்தைச் சடை பாத்துக்கொள்ளும். சாதாரணக் கடித உறைக்குள்ள தட்டையா வைக்கலாம், பாரமும் இல்லை.