சர்வரில் வரைபடம் வரையும்போது பைபிளாட் வேண்டாம்

பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் கொண்டு சர்வரிலேயே வரைபடம் வரைந்து பிரவுசருக்கு அனுப்புகிறீர்களா? அந்த நூலகத்தில் படம் வரையப் பலரும் பயன்படுத்தும் பகுதியான பைபிளாட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள். வரைந்த ஒவ்வொரு படத்தையும், நாம் மூடச் சொல்லும்வரை அது நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். 20 படங்களுக்கு மேல் திறந்திருந்தால் எச்சரிக்கை வரும். சர்வரின் பதிவேட்டில் (லாக்) அதைப் பார்த்தால் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். ஓயாமல் கோரிக்கைகள் வரும் சர்வர் மூச்சுத்திணறுவது இப்படித்தான்.

அதற்குப் பதிலாக, மேட்பிளாட்லிப்பில் ஒரு முழுப் படத்தைக் குறிக்கும் 'ஃபிகர்' பொருளை நேரடியாக உருவாக்கி, அதிலேயே வரையுங்கள். வேலை முடிந்ததும் அது தானாக விடுவிக்கப்படும். திரையில்லாத சர்வரிலும் சிக்கல் வராது.

படத்தை வட்டில் சேமிக்கவும் தேவையில்லை. நினைவகத்தில் ஒரு பைட் தாங்கியில் (கோப்பு போலவே எழுதிப் படிக்கக்கூடிய தற்காலிக இடம்) எழுதி, பிஎன்ஜி படம் என்ற உள்ளடக்க வகையோடு அனுப்பினால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எழுதி முடித்ததும், அடுத்து எழுதும் அல்லது படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி தாங்கியின் கடைசியில் நிற்கும். அதைத் தொடக்கத்துக்குத் திருப்பாமல் படித்தால் ஒரு பைட் கூட வராது. பிரவுசரில் உடைந்த பட அடையாளம்தான் தெரியும். நான் ஒரு மாலை முழுவதும் வரையும் நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன், தவறு, சுட்டியைத் திருப்பும் இந்த ஒரு வரியை விட்டதில் இருந்தது.

கோட்டு வரைபடம் என்றால், கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி பட வடிவம் நல்லது, பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது. பல்லாயிரம் புள்ளிகள் இருந்தால் பிஎன்ஜியே இலகு.