இங்கிலீஷ்ல லெஸ்ட் (lest) போட்டு எழுதுறது எப்படி? கூடவே தப்பா வந்து ஒட்டிக்கிற அந்த "நாட்" (not) எங்க இருந்து வருதுன்னு பாப்போம்

ஒரு முக்கியமான லெட்டர்ல லெஸ்ட் போட்டு எழுதி, அர்த்தமே தலைகீழா போய், மறுபடி எழுதிக் குடுக்க வேண்டியதாச்சு. அப்ப உக்காந்து கத்துக்கிட்டதுதான் இது.

பேச்சுல இந்த வார்த்தை ரொம்ப வராது, ஃபார்மலா எழுதுறப்பதான் வரும். ஏதோ ஒண்ணு நடந்துடுமோன்னு பயந்து முன்கூட்டியே இன்னொண்ணைச் செய்றோம்ல, அந்த ரெண்டையும் இணைக்கிற சொல்.

ஸ்டெப் 1: முதல்ல தமிழ்ல சொல்லுங்க, ஆனா சரியா சொல்லுங்க

நான் மாட்டினது இங்கதான். "குழந்தை முழிச்சிடக்கூடாதுன்னு மெதுவா பேசினா"ன்னு மனசுல ஓடுச்சு, அந்த "கூடாது" அப்படியே இங்கிலீஷுக்குள்ள போய் "ஷீ ஸ்போக் சாஃப்ட்லி லெஸ்ட் த பேபி ஷுட் நாட் வேக்"னு எழுதிட்டேன். தப்பு. லெஸ்ட்டுக்குள்ளயே அந்தக் "கூடாது" இருக்கு, மேல ஒரு நாட் போட்டா குழந்தை முழிக்காம போயிடுமோன்னு பயந்த மாதிரி ஆயிடும்.

அதனால "கூடாதுன்னு"வை விட்டுட்டு "எங்க முழிச்சிடுமோன்னு"ன்னு சொல்லிப் பாருங்க. இதுல எதிர்மறையே இல்ல பாருங்க, லெஸ்ட்டுக்கு அப்புறம் வர்ற பகுதியும் அப்படித்தான். "எங்க ...டுமோன்னு" உக்கார்ற இடத்துல லெஸ்ட்டும் உக்காரும். இதைப் பிடிச்சதுக்கு அப்புறம் எனக்கு நாட் வந்ததே இல்ல.

ஸ்டெப் 2: வெர்ப்

ஒண்ணு, ஷுட் போடுங்க: "லெஸ்ட் த பேபி ஷுட் வேக்". இல்லன்னா வெறும் வெர்ப்: "லெஸ்ட் த பேபி வேக்". வேக்ஸ் கிடையாது, நடந்து முடிஞ்ச கதையா இருந்தாலும் வோக் கிடையாது. அதே மாதிரி "லெஸ்ட் ஹீ பீ லேட்", அங்க இஸ், வாஸ் எல்லாம் வேண்டாம். புதுசா எழுதுறவங்க ஷுட்டோட ஆரம்பிங்க, காதுக்கு உறுத்தாது. கிராமர் செக்கர் அந்த "பீ"யை "இஸ்"னு மாத்தச் சொன்னா மாத்தாதீங்க. மொழிபெயர்க்கிற ஆப்பை விட, உதாரண வாக்கியம் நிறைய போடுற இங்கிலீஷ்-இங்கிலீஷ் அகராதிதான் என் சாய்ஸ்.

ஸ்டெப் 3: இன் கேஸ் (ஒருவேளை நடந்தாலும் நடக்கும்னு) வேற

குடை எடுத்துட்டுப் போனா மழை நிக்காது, அதனால "டேக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்". ஆனா குடை நம்மள நனையாம காப்பாத்தும், அதனால "லெஸ்ட் யூ கெட் வெட்". தடுக்க முடியுறதுக்குத்தான் லெஸ்ட்.

அப்டேட்: போர் நினைவுச் சின்னங்கள்ல இருக்கிற "லெஸ்ட் வீ ஃபர்கெட்"ல முன்பாதி (என்ன செய்றோம்னு சொல்ற பகுதி) எங்கன்னு சிலர் கேட்டிருந்தீங்க, நல்ல கேள்வி. அது 1897ல வந்த ஒரு கவிதையோட வரி, அங்க "கடவுளே, எங்க கூடவே இரு"ங்கிற வேண்டுதலுக்குப் பின்னாடி "நாங்க மறந்துடுவோமோ"ன்னு வரும். முதல் உலகப் போருக்கு அப்புறம் நினைவுச் சின்னங்கள்ல வால் பகுதியை மட்டும் செதுக்கினாங்க. நீங்க எழுதுறப்ப முன்பாதியை விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, "அஃப்ரெய்ட்" மாதிரி பயத்தைச் சொல்ற வார்த்தைக்கு அடுத்து வந்தா லெஸ்ட்டுக்கு வெறும் "தட்"டோட அர்த்தம்தான்: "ஐ வாஸ் அஃப்ரெய்ட் லெஸ்ட் ஹீ ஷுட் ஃபால்", அவன் விழுந்துடுவானோன்னு பயந்தேன். ஸ்பெல்லிங்ல நடுவுல "ஏ" போட்டுடாதீங்க, அது லீஸ்ட்ங்கிற வேற வார்த்தை, அதனால ஸ்பெல் செக்கர் கண்டுபிடிக்காது.