இலைக்கு நடுவே பழம் தெரிகிற மாதிரி: சிவப்பிலும் பச்சையிலும் கிறிஸ்துமஸ் அலங்காரம்

கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வருஷத்துக்கு ஒரு புது நிறம் வந்துபோகிறது. ஒரு வருஷம் வெள்ளியும் நீலமும், அடுத்த வருஷம் ரோஸும் பொன்னும். எனக்கு என்றைக்கும் சிவப்பும் பச்சையும்தான். துணி தைப்பது என் தொழில், நாள் முழுக்க நிறங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டும் ஒரு வீட்டுக்குள் சேர்ந்து வரும்போது கிடைக்கிற நிறைவு வேறு எந்த ஜோடியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த ஜோடி மிகப் பழையது. இடைக்கால ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவு நாள். ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாகப் போடுவார்கள். அதற்கு மரம் வேண்டும், ஆனால் அந்தக் குளிரில் இலையோடு நிற்பது ஃபர் போன்ற மரங்கள் மட்டும்தான். அதையே கொண்டுவந்து நிறுத்தி ஆப்பிள்களைத் தொங்கவிட்டார்கள். இன்று நாம் மரத்தில் மாட்டும் சிவப்புப் பந்துக்கு முன்னோடி அந்த ஆப்பிள்தான். ஹாலி என்ற செடியும் அப்படித்தான்: கடும் குளிரிலும் பச்சை இலையும் சிவப்புக் கனியுமாக நிற்கும். கனியைக் கிறிஸ்துவின் ரத்தத்துக்கும், முள் போன்ற இலை ஓரத்தை முள்முடிக்கும் அடையாளமாகக் கொண்டார்கள்.

ஃபர் மரத்தில் ஆப்பிள், ஹாலியில் கனி. இரண்டிலும் அளவைக் கவனியுங்கள்: நிறைய இலை, நடுவே கொஞ்சம் பழம். வீட்டுக்கும் அதே கணக்குதான். முக்கால் பங்கு பச்சை, கால் பங்கு சிவப்பு. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் இவை எதிரெதிரே நிற்பவை, ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஆனால் சரிபாதியாக வைத்தால் இரண்டும் போட்டி போடும், கண்ணுக்கு ஓய்வே இருக்காது. சிவப்பு சோபா விரிப்பு, சிவப்பு திரைச்சீலை, சிவப்பு மேஜைத் துணி என்று வாங்கிக் குவிப்பதற்கு முன்னால், வீட்டில் பச்சை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பச்சையைக் கூட்டினால் கொஞ்சம் சிவப்பே போதும்.

முதல் வேலை: சிவப்பைப் பிரிப்பது

இதைத்தான் பலர் செய்வதில்லை. போன வருஷத்துப் பெட்டியில் இருக்கும் சிவப்புச் சாமான்கள் எல்லாவற்றையும் ஜன்னலோரம் ஒரு வெள்ளைப் போர்வையில் பரப்புங்கள். பகல் வெளிச்சம் வேண்டும், விளக்கு கூடாது. ஐந்து நிமிஷம் பார்த்தால் தானாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். ஒரு கூட்டம் நீலச் சாயல் கொண்டது: மாதுளை முத்து நிறம், ஒயின் நிறம். இன்னொன்று ஆரஞ்சுச் சாயல்: தக்காளி நிறம், செங்கல் நிறம். ஒரு அறைக்கு ஒரு கூட்டம் மட்டும். ஒரே கூட்டத்துக்குள் அடர்த்தியும் வெளிறலும் கலந்து வருவது அழகுதான், கலக்கலாம். ஆனால் மாதுளைச் சிவப்பு ரிப்பனுக்குப் பக்கத்தில் தக்காளிச் சிவப்புப் பந்து வந்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் பச்சை சொல்லும். ஃபர், ஸ்ப்ரூஸ் போன்ற மரங்களின் பச்சை அடர்த்தியானது, கொஞ்சம் நீலம் கலந்தது. அதற்கு மாதுளைச் சிவப்பு. வெளிர்ந்த, மஞ்சள் கலந்த இலைகள் என்றால் தக்காளிச் சிவப்பு. பிளாஸ்டிக் மரம் வைத்திருப்பவர்களும் மரத்தின் கிளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துணி பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே சிவப்புச் சாயம் வெல்வெட்டில் ஆழமாகத் தெரியும், சாட்டினில் பளபளக்கும், கம்பளி நூலில் மங்கலாக, இதமாக இருக்கும். எல்லாமே பளபளப்பாக இருந்தால் கடை அலமாரி மாதிரி ஆகிவிடும். பளபளப்பு ஒன்று, மங்கல் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெல்வெட் வெட்டும்போது உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் ரோமம் எழுந்து தடுக்கும். எழுந்து நிற்கும் வாட்டத்தில் நிறம் ஆழமாகத் தெரியும், படியும் வாட்டத்தில் வெளிறித் தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வாட்டத்தில் வெட்டவில்லை என்றால், ஒரே துணியில் தைத்த இரண்டு மெத்தை உறைகள் இரண்டு நிறமாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். என் தம்பி அப்படி ஒருவன். நடுத்தரப் பச்சைமேல் நடுத்தரச் சிவப்பு வைத்தால் அவனுக்கு எல்லாம் ஒரே பழுப்பு. அடர்ந்த பச்சைமேல் வெளிச்சமான சிவப்பு, அதுவும் பளபளக்கும் கண்ணாடிப் பந்து என்றால் அவனும் ரசிக்கிறான். அவனுக்காக ஆரம்பித்த பழக்கம் எல்லோருக்குமே நன்றாக இருக்கிறது.

விளக்கு

மங்கலான வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், பச்சை அவ்வளவு சீக்கிரம் மங்காது. விடியற்காலையில் சிவப்புப் பூக்கள் இருண்டும் இலைகள் தெளிவாகவும் தெரிவதை 19ஆம் நூற்றாண்டின் செக் விஞ்ஞானி புர்கின்யே கவனித்துச் சொன்னார். கிறிஸ்துமஸ் இரவில் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்குகளை மட்டும் ஏற்றினால் இதேதான் நடக்கும். ஆகவே சிவப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சமும் இருக்க வேண்டும். ரிப்பன் முடிச்சுக்குப் பின்னால் இரண்டு மூன்று சீரியல் பல்புகள் வரும்படி ஒயரை இழுத்துவிடுங்கள். இருட்டு மூலையில் வெல்வெட் வேண்டாம், கண்ணாடியோ ஜிகினாவோ வையுங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 கெல்வின் என்று இருப்பதை எடுங்கள், மஞ்சள் கலந்த வெளிச்சம் அது. நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கில் நல்ல சிவப்பும் உயிரற்றுப் போகும்.

வாசல் வளையம்

வாசல் கதவில் தொங்கும் இலை வளையத்தைக் கையாலேயே கட்டுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். 30 செ.மீ. அகலமுள்ள கம்பி வளையம், மெல்லிய கட்டுக்கம்பி, பச்சைக் கிளைகள், இவ்வளவுதான் தேவை. பச்சைக் கிளைகளை முந்தின இரவே தண்ணீரில் போட்டு வைத்தால் நாள் தாங்கும். 12 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, மூன்று நான்கு கிளைகளாகக் கொத்து கட்டிக்கொள்ளுங்கள். முதல் கொத்தை வளையத்தில் வைத்து, காம்புப் பகுதியைக் கம்பியால் மூன்று சுற்று இறுக்குங்கள். கம்பியை வெட்ட வேண்டாம். அடுத்த கொத்தின் தலை முந்தின கொத்தின் காம்பை மூட வேண்டும். இப்படியே ஒரே திசையில் போய், கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் தலைக்கு அடியில் செருகிக் கட்டிவிடுங்கள். பூ தொடுப்பவர்களுக்கு இது கைவந்த வேலை.

சிவப்பைச் சுற்றிலும் சம இடைவெளியில் பொட்டுப் பொட்டாக வைக்காதீர்கள். கீழே, சற்று இடது பக்கமாக, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொத்தாகச் சேர்த்துவிடுங்கள். மற்ற இடம் முழுக்கப் பச்சையாக இருக்கட்டும். தெருவிலிருந்து பார்த்தாலும் அந்த ஒரு சிவப்பு தெரியும்.

அந்த இடத்துக்கு ஒரு ரிப்பன் முடிச்சு. ஓரத்தில் கம்பி வைத்த, 6 செ.மீ. அகல ரிப்பன் 2.5 மீட்டர் எடுங்கள். 30 செ.மீ. வாலாகத் தொங்கவிட்டு, அந்த இடத்தை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடியுங்கள். ஒரு பக்கம் 12 செ.மீ. நீளத்தில் ஒரு மடிப்பு, நடுவுக்குத் திரும்பிக் கிள்ளல், மறுபக்கம் ஒரு மடிப்பு. ஒவ்வொரு முறை நடுவுக்கு வரும்போதும் ரிப்பனை அரைத் திருப்பு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் வெளியே வந்துவிடும். பக்கத்துக்கு மூன்று மடிப்பு ஆனதும் இன்னொரு வாலை விட்டு, நடுவைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். இந்த நிலையில் அது தட்டையாக, அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விரலை விட்டு ஊதினாற்போல் விரித்து, ஒன்றை மேலே, ஒன்றை முன்னால் என்று இழுத்துவிட்டால் பூவாக மலரும். வால்களை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் மேலே ஏறும்படி சாய்வாக வெட்டுங்கள். பிசிறும் குறையும், பார்க்கவும் அழகு.

மரமும் மற்றவையும்

மரத்துக்கு வரிசை முக்கியம்: முதலில் விளக்கு, அப்புறம் மாலை, அப்புறம் பந்துகள், கடைசியில் ரிப்பன். பிளாஸ்டிக் மரமாக இருந்தால் எதையும் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிளையையும் கீழிருந்து மேலாக, உள்ளிருந்து வெளியாகப் பிரித்துவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் மரம் கடைசிவரை ஒல்லியாகவே நிற்கும். விளக்கு ஒயரை மேலே மட்டும் சுற்றாமல் தண்டுவரை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவாருங்கள். பெரிய சிவப்புப் பந்துகளைத் தண்டுக்குப் பக்கத்தில், இலைகளுக்குள் பாதி மறையும்படி மாட்டுங்கள். சின்னவை கிளை நுனிக்கு. உள்ளே ஒளிந்திருக்கும் பந்து, இலை இடுக்கில் தெரியும் பழம் போலவே இருக்கும். வெட்டிய நிஜ மரம் என்றால் அடித்தண்டில் 2, 3 செ.மீ. புதிதாக வெட்டி உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தொட்டியில் தண்ணீர் குறைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். காய்ந்த மரம் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஹீட்டர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மெழுகுவத்தியை இலைகளுக்கு அருகில் ஏற்றாதீர்கள், அங்கே பேட்டரி மெழுகுவத்தியே போதும்.

குடிலுக்குச் சிவப்பு வேண்டாம் என்பது என் கட்சி. வைக்கோல், மரம், மண், கொஞ்சம் பச்சை, ஒரு மஞ்சள் விளக்கு. வீடு முழுக்கக் கண் சுற்றி வந்தபிறகு குழந்தை இயேசுவின் முன்னால் அமைதியாக நிற்க ஒரு இடம் வேண்டும்.

சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் நீளமாகப் பச்சை இலைகள், ஆளுக்கொரு சிவப்பு கைத்துணி. அவ்வளவு போதும்.

செடி வைக்க ஆசை என்றால் பாயின்செட்டியா. மெக்சிகோவைச் சேர்ந்தது. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1820களின் கடைசியில் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்ததால் இந்தப் பெயர். சிவப்பாக இருப்பவை இதழ்கள் இல்லை, நிறம் மாறிய இலைகள்; நடுவில் மஞ்சளாகச் சின்னதாகத் தெரிவதுதான் பூ. வாங்கும்போது அந்த மஞ்சள் மொட்டுகள் உதிராமல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், கூடுதல் நாள் நிற்கும். 10 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் இலை கொட்டும். மண்ணின் மேல்பகுதி காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர். பளபளப்புக் காகிதம் சுற்றிய தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், காகிதத்தில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஹாலி கனியும், மிசில்டோ என்ற அலங்காரச் செடியின் கனியும் நிஜமானவை என்றால் குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள், இரண்டும் வயிற்றுக்கு ஆகாது.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு பல வீடுகளில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அப்போது ரிப்பன் முடிச்சுகளை அவிழ்க்காமல், மடிப்புகளுக்குள் மெல்லிய காகிதத்தைச் சுருட்டித் திணித்து அட்டைப் பெட்டியில் வையுங்கள். சிவப்புத் துணிகளை நன்றாகக் காயவைத்து, தனிப் பையில் போட்டு வையுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் சாயம் இறங்கிப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை லேஸில் ஏறிவிடும், அதை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது.